பின் இருக்கையில் ஒரு பயிற்சியாளர்: ஜான் ஆல்டோபெல்லி

ஒன்பது பேர் இறந்த விபத்து அது. ஊர் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒருவரைத்தான். 2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கலிபோர்னியாவின் கலபாசஸ் குன்றில் ஒரு ஹெலிகாப்டர் மோதி நொறுங்கியது. அதில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இருந்தார் என்ற செய்தி சில மணி நேரத்தில் எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவரோடு அவருடைய 13 வயது மகள் ஜியானாவும் இறந்தாள். மற்றவர்களைத் தலைப்புச் செய்திகள் ‘மேலும் ஏழு பேர்’ என்று எழுதின. அந்த ஏழு பேரில் மூவர் ஒரே குடும்பம்: ஜான் ஆல்டோபெல்லி, வயது 56, மனைவி கேரி, மகள் அலிசா.

இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பிரையன்டின் இருக்கையிலிருந்தோ விமானியின் இருக்கையிலிருந்தோதான் எழுதினார்கள். ஆல்டோபெல்லியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் இதே நிகழ்வு வேறு மாதிரி தெரிகிறது. அப்படிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காலியாகும் வீடு

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஆரஞ்சு கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோஸ்டா மேசா என்ற ஊர். அங்கே ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரி. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் நம் ஊரில் நாம் நினைக்கிற கல்லூரி இல்லை. அமெரிக்காவில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்பார்கள். இரண்டே வருடப் படிப்பு. கட்டணம் குறைவு. பள்ளி முடித்து, பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் பணம் இல்லாதவர்கள், என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் வந்து சேர்கிற இடம். பேஸ்பால் ஆடுகிற பையன்களுக்கு அது இரண்டாவது கதவு. பதினெட்டு வயதில் எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை என்றால் இங்கே வந்து ஆடிக் காட்டலாம். நன்றாக ஆடினால் இரண்டு வருடத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள், அல்லது ஏதாவது ஒரு தொழில்முறைக் கிளப் எடுத்துக்கொள்ளும்.

இதில் பயிற்சியாளர் பாடு என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையனைச் சேர்த்து, அவன் தப்பான பழக்கங்களைக் கழற்றி, ஒழுங்காகப் பந்தை அடிக்க வைத்து, அவன் உருப்படும் நேரத்தில் கையசைத்து அனுப்பிவிட வேண்டும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடுவான். அடுத்த ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து. ஆகவே லட்சியம் உள்ள பயிற்சியாளர்கள் இத்தகைய கல்லூரிகளை ஒரு படிக்கட்டாக வைத்துக்கொண்டு, நாலைந்து வருடத்தில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஏறிவிடப் பார்ப்பார்கள்.

ஆல்டோபெல்லி ஏறவில்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், கீழ்மட்டத் தொழில்முறை லீகில் கொஞ்ச காலம் ஆடியவர். 1993 சீசனில் ஆரஞ்ச் கோஸ்டின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 2019 முடிய 27 சீசன்கள் அங்கேயே இருந்தார். 28ஆவது தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் விபத்து. எல்லாரும் அவரைக் கூப்பிட்டது ‘ஆல்டோ’ என்று.

700க்கும் மேற்பட்ட வெற்றிகள். சராசரி போட்டால் ஆண்டுக்கு 26 வரும். மாநில சாம்பியன் பட்டம் நான்கு முறை: 2009, 2014, 2015, 2019. கடைசிப் பட்டத்துக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர்கள் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. இறந்த செய்தியோடு எல்லாப் பத்திரிகைகளும் போட்ட எண்கள் இவைதான்.

எனக்கு அந்தப் பட்டியலில் கண் நின்ற இடம் வேறு. அவருடைய முதல் மாநிலப் பட்டம் 17ஆவது சீசனில் வந்தது. அதற்கு முன் 16 வருடம் அது இல்லாமலே அதே மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். கல்லூரியும் அவரை வைத்திருந்தது. பட்டம் வாங்குவதற்காக ஒருவர் 16 வருடம் காத்திருக்க மாட்டார். அவருக்கு வேறு ஏதோ அங்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

அவருடைய அண்ணன் தம்பி உறவும் அதே வளாகத்தில்தான். சகோதரர் டோனி அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் தகவல் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அணி ஜெயித்தால் அதை எழுதி ஊருக்குச் சொல்வது அவர் வேலை. அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, செய்தியாளர்கள் முன்னால் போய் அண்ணன் குடும்பம் இல்லை என்று சொல்ல வேண்டிய வேலையும் அவருக்கே வந்தது. ஜானின் மகன் பேஸ்பால் ஆடி வளர்ந்து அப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸ் கிளப்பின் ஸ்கவுட், அதாவது ஊர் ஊராகப் போய்ப் புதிய ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பவர். இன்னொரு மகளுக்கு வயது 16. அன்று அவர்கள் இருவரும் ஹெலிகாப்டரில் இல்லை.

பிரூஸ்டரில் மூன்று கோடை

அமெரிக்காவின் மறுகரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் என்ற கடலோரப் பகுதி. கோடை விடுமுறையில் அங்கே ஒரு லீக் நடக்கும். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் வந்து ஆடுவார்கள். கல்லூரியில் உலோக மட்டை. இங்கே மர மட்டை. உலோக மட்டையில் பந்து எங்கே பட்டாலும் பறக்கும். மர மட்டையில் சரியான இடத்தில் படவில்லை என்றால் கை கூசுவதோடு சரி. அதனால் எவன் உண்மையில் அடிப்பான் என்று பார்க்க ஸ்கவுட்டுகள் கும்பல் கும்பலாக வருவார்கள். பையன்களை அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போடும்.

2012 முதல் 2014 வரை ஆல்டோபெல்லி அங்கே பிரூஸ்டர் வைட்கேப்ஸ் அணியின் மேலாளர். 2012இல் அவர் அணியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏரன் ஜட்ஜ். ஆறடி ஏழங்குல உயரம். யார் பார்த்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொருவன் லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் மெக்நீல். ஒல்லி. பள்ளிக் காலத்தில் பேஸ்பாலைவிட கோல்ஃபில் கவனமாக இருந்தவன். பள்ளி முடித்தபோது எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை.

ஜட்ஜைக் கண்டுபிடிக்க ஆல்டோபெல்லி தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். மெக்நீல் விஷயம் அப்படியில்லை. அந்தக் கோடையில் ஆட இடம் கொடுத்தது அவர்தான், தொழில்முறை பேஸ்பாலில் தனக்கு வாய்ப்புக் கிடைத்ததற்கு முக்கியக் காரணங்களில் அவரும் ஒருவர் என்று விபத்துக்குப் பிறகு மெக்நீல் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம், 2013இல், கிளப்புகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் நியூயார்க் மெட்ஸ் கிளப் அவரை 12ஆவது சுற்றில் எடுத்தது. 12ஆவது சுற்று என்றால், எடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2018இல் மேல் லீகுக்கு வந்து சேர்ந்தார்.

மகளின் ஆட்டத்துக்கு

அலிசா ஆடியது பேஸ்பால் இல்லை, கூடைப்பந்து. பிரையன்ட் நடத்திய சிறுமியர் அணியில் ஜியானாவோடு சேர்ந்து ஆடினாள். ஆரஞ்சு கவுன்டியிலிருந்து வடமேற்கே தௌசண்ட் ஓக்ஸில் பிரையன்டின் பயிற்சி நிலையம். அந்த வார இறுதியில் அங்கே போட்டிகள். லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்தில் சாலை வழியாகப் போனால் நேரம் எவ்வளவு பிடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஹெலிகாப்டரில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல்.

அமெரிக்கப் பயிற்சியாளர்களின் வீட்டில் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு: ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கெல்லாம் அப்பா போவார், சொந்தப் பிள்ளையின் ஆட்டத்துக்கு மட்டும் வர மாட்டார். சீசன் தொடங்க இரண்டே நாள் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில், தன் விளையாட்டே இல்லாத ஒரு விளையாட்டில் மகள் ஆடுவதைப் பார்க்க மனைவியோடு கிளம்பிய ஆளைப் பற்றி அந்தக் குறையைச் சொல்ல முடியாது. விமானத்தில் இருந்த பெரியவர்களில் விமானியைத் தவிர மற்ற எல்லாரும் அன்று ஏதோ ஒரு வகையில் அந்தச் சிறுமிகளின் ஆட்டத்துக்காகவே வந்தவர்கள். பெற்றோர், அல்லது அணியின் துணைப் பயிற்சியாளர்.

39 நிமிடம்

முந்தைய நாள் சனிக்கிழமையும் இதே ஹெலிகாப்டரில் இதே பயணம். சிக்கல் இல்லை. ஞாயிறு காலை கடலிலிருந்து வந்த தாழ்ந்த மேகம் லாஸ் ஏஞ்சலஸ் படுகை முழுக்கப் படிந்திருந்தது. நகரக் காவல்துறை தன் ஹெலிகாப்டர்களைத் தரையிலேயே நிறுத்தியிருந்தது.

சிகோர்ஸ்கி எஸ்-76பி, இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர், காலை 9:06க்கு ஜான் வெய்ன் விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. போக வேண்டிய இடம் கமாரியோ விமான நிலையம். கிளென்டேல் அருகே, மற்ற விமானங்கள் போவதற்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. பிறகு சிறப்பு அனுமதியோடு பர்பாங்க், வான் நைஸ் விமான நிலையங்களின் பக்கமாகப் போய், 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே திரும்பியது. அந்தச் சாலை கலபாசஸில் குன்றுகளுக்கு ஏறுகிறது. சாலை ஏற ஏற, மேலே மேகம் கீழே மண் என்று நடுவில் இருந்த இடைவெளி குறைந்தது. 9:44க்கு விமானி, மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுவதாகத் தரைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் சொன்னார். சுமார் 2,300 அடி வரை ஏறிய ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பி இறங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 4,000 அடிக்கு மேல் என்ற வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோதும் அவர் ஏறுவதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். 9:45க்கு குன்றில் மோதியது.

பொய் சொல்லவில்லை அவர். ஏறுவதாகவே உணர்ந்தார். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்கு இது தெரியும். சுற்றி நிறுத்தின பிறகும் தெரு சுற்றிக்கொண்டே இருக்கும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அதற்குள் திரவம். உடல் திரும்புவதை மூளைக்குச் சொல்வது அதன் அசைவு. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்து ஓடி, அசைவே இல்லை என்று காது சொல்லிவிடும். வேகம் கூடும்போது உடல் பின்னால் அழுந்துகிறது. அது மேலே ஏறுவது போலவே இருக்கும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. கருவிகளை மட்டும் நம்பி, உடல் சொல்வதை எல்லாம் மறுத்து ஓட்ட வேண்டும்.

கருவிகளை வைத்து ஓட்டும் தகுதி அந்த விமானிக்கு இருந்தது. ஆனால் அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு, கண்ணால் பார்த்து ஓட்டும் பயணங்களுக்கு மட்டுமே உரிமம். ஆகவே மேகத்துக்குள் போகவே கூடாது. இன்ஜினில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பந்தை வாங்கிக்கொள்ள ஆள்

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021 பிப்ரவரி 9 அன்று முடிவை அறிவித்தது. கண்பார்வைப் பயணத்தை மேகத்துக்குள்ளும் தொடர விமானி எடுத்த முடிவு, அதனால் வந்த திசை மயக்கம்: இவை காரணம். கூடவே சேர்ந்தவை: தொடங்கிய திட்டத்தை விட முடியாத மனச்சாய்வு, விமானி தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட நெருக்கடி, நிறுவனத்தின் பாதுகாப்பு மேற்பார்வையில் இருந்த குறை.

‘தனக்குத்தானே’ என்ற சொல் முக்கியம். பிரையன்டோ வேறு யாருமோ அவரை நெருக்கியதற்குச் சான்று இல்லை என்று வாரியம் தெளிவாகச் சொன்னது. நெடுநாள் பழக்கம், பிரையன்டுக்கு அவரைப் பிடிக்கும். நம்பி வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. வழியில் இரண்டு விமான நிலையங்கள் இருந்தன. வான் நைஸில் இறங்கி, பிள்ளைகளை இரண்டு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தால், முதல் ஆட்டத்துக்குத் தாமதம். வேறு நஷ்டம் இல்லை.

பேஸ்பால் பார்த்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. பந்து வீசும் பிட்சர் களைத்துப்போகிறான். பந்து உயரே போகத் தொடங்குகிறது. அணி உட்காரும் டகவுட்டிலிருந்து பயிற்சியாளர் நடந்து, பிட்சர் நிற்கும் சின்ன மேடான மவுண்டுக்கு வருகிறார். “எப்படி இருக்கே?” என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிட்சர்களும் “நல்லா இருக்கேன் கோச்” என்பார்கள். அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். அதனால்தான் அந்த முடிவைப் பிட்சரிடம் விடுவதில்லை. பயிற்சியாளர் கையை நீட்டுவார். அவன் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். வேறு ஒருவர் வந்து கேட்க வேண்டும் என்பதை அந்த விளையாட்டு வழக்கமாகவே வைத்திருக்கிறது.

அந்தக் காலை அப்படி ஒரு மவுண்டு நடை தாளில் இருந்தது. கிளம்பும் முன் நிரப்ப வேண்டிய அபாய மதிப்பீட்டுப் படிவம் ஒன்று. விமானி அதைச் சீக்கிரமே நிரப்பிவிட்டார். பிறகு வந்த வானிலைத் தகவலை வைத்து மறுபடி நிரப்பியிருந்தால், மேலதிகாரியைக் கேட்டு, மாற்று வழியையும் சொல்லியாக வேண்டிய அளவுக்குப் புள்ளிகள் ஏறியிருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது. மறுபடி நிரப்பவில்லை. நிரப்பினாயா என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. ஒற்றை விமானி.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் 27 வருடமாக மவுண்டுக்கு நடந்து போய்க் கை நீட்டியவர். அன்று அவருக்கு அந்த வேலை இல்லை. அப்பாவாக வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரிவதை வைத்து ஒரு பயணி என்ன முடிவுக்கு வர முடியும்? எத்தனை முறை இந்த வழக்கைப் படித்தாலும் எனக்குத் தாண்ட முடியாத இடம் இதுதான்.

கறுப்புப் பெட்டி இல்லை. அந்த ஹெலிகாப்டருக்கு அது கட்டாயமில்லை. வாரியம் பல வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வாடகை விமான நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு மேலாண்மை முறையைக் கட்டாயமாக்கும் விதி 2024இல்தான் வந்தது. அதற்கும் நிறுவனங்களுக்கு மூன்று வருட அவகாசம்.

இன்னொரு கேவலமும் நடந்தது. விபத்து இடத்துக்குப் போன அரசுப் பணியாளர்கள் சிலர் இறந்தவர்களைத் தங்கள் சொந்த போனில் படம் எடுத்தார்கள். ஆல்டோபெல்லி குடும்பம் உட்பட இரண்டு குடும்பங்களுக்கு மொத்தம் 25 லட்சம் டாலர் கொடுத்து லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி சமரசம் செய்துகொண்டது. இப்படிப் படம் எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தில் கலிபோர்னியா ஆளுநர் 2020 செப்டம்பரில் கையெழுத்திட்டார்.

செவ்வாய்க்கிழமை

முதல் ஆட்டம் ஜனவரி 28. தள்ளிப்போட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அணி ஆடியது. துணைப் பயிற்சியாளர் நேட் ஜான்சன் பொறுப்பேற்றுக்கொண்டார். இரண்டு நாளைக்கு முன்புவரை தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லாமல் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் சவுத்வெஸ்டர்ன் கல்லூரிக்கு எதிராகக் களத்தில் இறங்கினார்கள். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் அன்றைய ஸ்கோரைப் பார்க்க வந்தவர்கள் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பிப்ரவரி 10 அன்று அனஹைமில் ஏஞ்சல் ஸ்டேடியத்தில் மூவருக்கும் நினைவுக் கூட்டம். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் பிரையன்டுக்கும் மகளுக்கும் நடந்த கூட்டம் அதற்கு இரண்டு வாரம் கழித்து. பேஸ்பால்காரருக்கு பேஸ்பால் மைதானம், கூடைப்பந்துக்காரருக்குக் கூடைப்பந்து அரங்கம். மார்ச் மாதம் கொரோனா வந்து, ஆல்டோ இல்லாமல் தொடங்கிய அந்த சீசனும் பாதியில் நின்றது. கல்லூரி மைதானத்தின் பெயர் இப்போது ஜான் ஆல்டோபெல்லி பார்க்.

2022 அக்டோபர் 4 அன்று டெக்சஸின் ஆர்லிங்டனில் ஏரன் ஜட்ஜ் அந்த சீசனின் 62ஆவது ஹோம் ரன்னை (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். மேல்மட்ட பேஸ்பாலின் இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 61 ஆண்டுகளாக நின்றிருந்த சாதனை உடைந்தது. மறுநாள் சீசன் முடிந்தபோது, இன்னொரு லீகான நேஷனல் லீகில் மிக உயர்ந்த அடிச் சராசரிக்கான பேட்டிங் பட்டம் ஜெஃப் மெக்நீலுக்கு. சராசரி .326, இரண்டாவதாக வந்தவருக்கு .325.